மின்விசிறியின் சுருதி

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில்
ரிதம் பேட் என்று எழுதினேன்.
முகாமை நடத்தும் சோலையப்பன்,
வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர்,
அதை அடித்துவிட்டு ‘தனியார்’ என்று போட்டார்.

அழகர்மலை அடிவாரம்.
பத்து நாள் பேசக் கூடாது.
கைபேசியைத் துணிப்பையில் போட்டு எண் கட்டினார்கள்.
குச்சிகளையும் கேட்டார்கள்.
“அது எதுக்கு?”
“அதுவும் பேச்சுதானே.”
மறுக்க வாய் வரவில்லை.

ஏன் வந்தாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
மேலூர் மண்டபத்தைச் சொல்லியிருப்பேன்.
போன ஆவணி, மாப்பிள்ளை அழைப்பு.
என் அடிக்கு எழுநூறு பேர் ஆடுகிறார்கள்,
எனக்குக் காதில் விழுவதோ
பந்தியில் சாம்பார் வாளி இழுபடும் சத்தம்.
அது ஒன்றுதான் நிஜமாய் இருந்தது.
சந்தோசம் என் கை வழியாகப் போய்
எதிரே நிற்பவர்களுக்குச் சேர்கிறது,
நடுவில் நான் குழாய்.
குழாய்க்குத் தாகம் எடுக்குமா, தெரியாது.
நாற்பத்தாறு வயதில் எனக்கு எடுத்தது.

மூச்சைக் கவனி என்றார்கள்.
உள்ளே மூன்று, வெளியே மூன்று,
திஸ்ரத்தில் ஓடியது.
எண்ணாதே என்றார்கள்.
எண்ணாமல் இருந்த மூச்சுகளை எண்ணினேன்.

கூடத்து மின்விசிறி
ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் இறக்கமாய்ப் பாடியது.
நாற்பது பேர் கண்ணை மூடி அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள்,
ஒருத்தருக்கும் உறுத்தவில்லை.
நான் பல்லைக் கடித்து
அதை மேலே தள்ளிக்கொண்டே இருந்தேன்
இரண்டாம் நாள் முழுக்க.

நான்காம் நாள் தலைக்குள் மாட்டுத்தாவணி.
வீட்டில் பேசும் சௌராஷ்டிரம், தெருவில் பேசும் தமிழ்,
விரலில் ஓயாத தகிட,
மூன்றும் ஒரே நேரத்தில் டிக்கெட் கேட்டன.
ஹேமலதா பிரிந்து போகுமுன் சொன்னதும் அந்தக் கூட்டத்தில் வந்தது:
“சோறு திங்கும்போதாவது
தட்டைத் தட்டாம இரு, துளசி.”
கீழே பார்த்தேன்.
தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது கை.

ஆறாம் நாள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம்.
சந்தோசம் எப்போது வரும் என்று கேட்டேன்.
சோலையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார்.
“முப்பத்தோரு வருசம் சார்,
எண்ணினதெல்லாம் அடுத்தவன் பணம்.”
அவ்வளவுதான்.
அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார்.

எட்டாம் நாள் விடிகாலை பின்வேலி தாண்டி
கிடாரிப்பட்டிப் பக்கம் நடந்தேன்.
தப்பித்தேனா, தெரியாது. பசித்தது.
குன்றின் மேல் குகை, கல்லில் வெட்டிய படுக்கைகள்.
வெட்டிக் கொடுத்தவர்களைப் பற்றிப் பலகையில் இருந்தது:
உப்பு விற்றவன் ஒருவன்,
கொழு விற்றவன் ஒருவன், பொற்கொல்லன் ஒருவன்.
படுத்துத் தூங்கியது வேறு ஆள்.
இவர்களும் குழாய்கள்தாம் போல.
எனக்குக் கால் நீட்ட இடம் போதவில்லை,
முழங்காலை மடக்கிப் படுத்தேன்.

உள்ளே சுனையில் சொட்டு விழுந்தது.
அடுத்த சொட்டுக்கு ஓர் இடம் பார்த்து வைத்தேன்.
விழவில்லை.
வேறு இடம் வைத்தேன்.
அங்கேயும் இல்லை.
பிறகு இடம் வைப்பதை விட்டுவிட்டேன்.
வெயில் வயிற்றுக்கு வந்திருந்தபோது
கை நெஞ்சின் மேல் சும்மா கிடந்தது,
யாரோ மறந்து விட்டுப் போன துண்டு மாதிரி.

இதைச் சந்தோசம் என்று சொல்ல மாட்டேன்.
பசி அப்படியே இருந்தது.
அழகர்கோயில் வாசலில் இரண்டு தோசை தின்றேன்,
துணிப்பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வெள்ளி, சோழவந்தானில் கச்சேரி.
இரண்டாவது சரணத்துக்கு முன்னால்
நாலு எண்ணிக்கை எனக்கு வேலையில்லாத இடம் உண்டு.
இருபது வருசமாய் அங்கே ஒரு உருட்டு உருட்டி நிரப்புவேன்.
அன்றைக்கு நிரப்பவில்லை.
நாலு முடிந்தது.
ஐந்தாவதும் போனது.
ஜெனரேட்டரின் உறுமல், பின்வரிசையில் ஒரு பிள்ளையின் அழுகை,
ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் இறக்கமாய் எங்கோ ஒரு மின்விசிறி.

பாக்கியராணி மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்:
“என்னண்ணே, தூங்கிட்டீங்களா?”

பேட்டாவில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.